இணையமும் நாம் இருக்கும் இடமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் கையிலுள்ள கைப்பேசியும் மேசைமேலுள்ள கணினியும் நாம் இருக்கும் இடத்தைப் பிறர்க்கு எங்ஙனம் அறிவிக்கின்றன என்பதும், அதனை வேண்டும் அளவில் மறைத்துக்கொள்ளும் வழி யாது என்பதுமாம். தமிழ் கற்பிக்கும் தொழிலுடைய எமக்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எம்மிடம் கற்கும் பிள்ளைகளுள் கைப்பேசி தொடாதவர் ஒருவரும் இலர். அவர்தம் தாய்தந்தையரும் பாட்டன்பாட்டிமாரும் அதனைத் தொடாத நாள் இல்லை. ஆதலின் இது பொறியியல் வல்லார்க்கே உரிய பொருளன்று; குடும்பம் நடத்துவார் அனைவர்க்கும் உரியதென்று கொண்டு பேசத் துணிந்தோம்.

ஓர் இணையதளத்தைத் திறந்த மாத்திரத்தில், ‘உம் ஊரில் இன்று வெயில் இவ்வளவு, மழை வரும் நேரம் இது, உம் தெருவுக்கு அருகில் உள்ள மருந்துக்கடைகள் இவை’ என்று அது கூறக் காண்கின்றோம். ஊர்ப்பெயரை நாம் சொல்லவில்லையே, இது எவ்வாறு அறிந்தது என்று சிலர் வியப்பர், சிலர் அஞ்சுவர், வேறு சிலர், எல்லாம் அவர்கட்குத் தெரியும், நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிட்டு விடுவர். இம்மூவர்க்கும் யாம் கூற விரும்புவது ஒன்றே. இணையம் நம் இடத்தை அறியும் வழிகள் மூன்று. கேளாமலே அறிவது ஒன்று. நம்மைக் கேட்டு அறிவது ஒன்று. நாமே சொல்லிவிட அறிவது ஒன்று. இவற்றுள் கேளாமல் அறிவது ஊரளவில் நிற்கும். வீட்டு வாசல்வரை காட்டிக்கொடுப்பவை பின்னைய இரண்டுமே. அவ்விரண்டும் பெரும்பாலும் நம் கையில் உள்ளவை. இதனை முறையே விளக்குவாம்.

முதலாவது, கேளாது அறிதல். இணையத்தோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வழங்கப்படுகின்றது. இதனை ஐ.பி. முகவரி என்பர். தபால் மூலம் புத்தகம் வரவழைக்க விரும்பும் ஒருவர் தம் முகவரியை எழுதாது கார்டு போட்டால் புத்தகசாலையார் என் செய்வர்? எங்கு அனுப்புவது என்று அறியாது கார்டை ஒருபுறம் வைத்துவிடுவர். அதுபோலவே, நாம் ஓர் இணையதளத்தைக் கேட்குங்கால் அதன் விடை நம்மிடம் வந்து சேரும் பொருட்டு நம் எண்ணும் உடன் சென்றே தீரும். எண்ணைக் கொடாது இணையத்தில் உலாவுதல் எவர்க்கும் இயலாது. 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறைப்படி இவ்வெண்கள் ஏறக்குறைய 430 கோடியாம். அவை போதாமையால் மிக நீண்ட எண்களையுடைய புதிய முறையொன்றும் இப்பொழுது உடன் வழங்கி வருகின்றது.

இவ்வெண்களைப் பகிர்ந்தளிப்பதற்கு உலகத்தை ஐந்து மண்டலமாக்கி மண்டலத்திற்கு ஒரு பதிவகம் வைத்துள்ளனர். நம் நாடு உள்ளிட்ட ஆசிய பசிபிக் நாடுகட்கு உரியது ஏப்நிக் என்பது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் உள்ளது. எந்த எண்தொகுதி எந்நாட்டில் எக்கம்பெனிக்கு வழங்கப்பட்டது என்பதை யாவரும் காணுமாறு இப்பதிவகங்கள் பதிந்து வைக்கின்றன. இப்பதிவுகளோடு வேறு பல குறிப்புகளையும் சேர்த்து, ‘இன்ன எண் இன்ன ஊர்’ என்று அட்டவணை செய்து விற்கும் கம்பெனிகள் பல உள. இணையதளத்தார் நம் எண்ணை இவ்வட்டவணையில் பார்த்தே ஊரைக் கூறுகின்றனர். நாட்டின் பெயர் பெரும்பாலும் தவறாது. ஊரின் பெயர் பலகால் தவறும். தெருவும் வீடும் இதனால் அறியப்படா. செல்போன் கம்பெனிகள் ஓர் எண்ணைப் பலர்க்குப் பொதுவில் வழங்குவதுண்டு. அதனால் தென்காசியில் இருப்பவரைச் சென்னையில் இருப்பவராக இணையதளம் கருதுதலும் உண்டு. எந்த நேரத்தில் எவ்வெண் எந்தச் சந்தாதாரர்க்கு உரியதாயிருந்தது என்பது இணைப்பு வழங்கும் கம்பெனியின் ஏட்டில் இருக்கும். சட்டப்படி அதிகாரம் பெற்றோர் கேட்பின் அஃது அவர்க்குக் கிடைக்கும். சாதாரண இணையதளத்திற்குக் கிடையாது.

இவ்வட்டவணையை அளவிற்கு மிஞ்சி நம்புவதால் விளையும் தீங்கிற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி கூறுவாம். அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்னும் கம்பெனி இத்தகைய அட்டவணை செய்து விற்பது. ஓர் எண் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரிந்து, ஊர் தெரியாதவிடத்து, நாட்டின் நடுவிடத்தைக் குறித்துவிடுவது அக்கம்பெனியின் வழக்கமாயிருந்தது. அங்ஙனம் குறித்த புள்ளி, கான்சஸ் மாகாணத்தில் பாட்வின் என்னும் சிற்றூருக்கு அருகில் ஒரு பண்ணைவீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட எண்கள் அவ்வொரு வீட்டையே காட்டின. இணையத்தில் ஏமாற்றப்பட்டோரும், களவுபோன பொருளைத் தேடுவோரும், போலீஸ் அதிகாரிகளும் பல ஆண்டுகளாக அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றனர். வீட்டிலிருந்தோர் ஒன்றும் அறியாதவர். தமக்கு ஏன் இத்தொல்லை என்பதும் அவர்க்குத் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையாளர் ஆராய்ந்து எழுதிய பின்னரே காரணம் வெளிப்பட்டது. அட்டவணை ஊரளவிற்கே உரியது, வீட்டைக் காட்டுதற்கு உரியதன்று என்று கம்பெனியார் கூறி, அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவிற்கு மாற்றினர். எண்ணை வைத்து வீட்டைச் சொல்லுவார் சொல்லை ஆராயாது கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

இனி இரண்டாவது, கேட்டு அறிதல். ‘இத்தளம் உம் இருப்பிடத்தை அறிய விரும்புகின்றது, அனுமதிக்கலாமா?’ என்று கைப்பேசியில் ஒரு சிறு கட்டம் தோன்றுவதை அனைவரும் கண்டிருப்பீர்கள். அதனை வாசியாமலே ‘அனுமதி’ என்பதைத் தொட்டு மேற்செல்வோரே பலர். அவ்வொரு தொடுதலில் ஊரளவாய் இருந்த அறிவு வாசலளவாய் மாறிவிடுகின்றது.

இங்கு மக்களிடையே வழங்கும் ஒரு பிழையான எண்ணத்தைக் களைதல் வேண்டும். வானத்திலுள்ள செயற்கைக் கோள்கள் நம்மை நோக்கிக்கொண்டு, நாம் இருக்கும் இடத்தைப் பிறர்க்குச் சொல்லுகின்றன என்று பலர் கருதுகின்றனர். ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஏற்பாட்டில் நிலத்தினின்று ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் கோள்கள் சுழன்று வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நிலையையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றது. அவ்வளவே அதன் வேலை. குறைந்தது நான்கு கோள்களின் குறிகளைப் பெற்று, அவை வந்து சேர்ந்த கால வேற்றுமையைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைக் கணித்துக்கொள்வது நம் கைப்பேசியே. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மீகாமன் திசையறிகின்றான். அந்நட்சத்திரம் மீகாமனை அறியுமோ? அறியாது. ஆகவே கோள்களிடம் நாம் அஞ்சவேண்டுவது ஒன்றுமில்லை. கணித்த இடத்தைக் கைப்பேசி யாருக்குச் சொல்லுகின்றது, யார் அனுமதியால் சொல்லுகின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

கோள்களின் குறி எட்டாத வீட்டினுள்ளும் இடத்தை அறியும் வழி ஒன்று உண்டு. வீட்டில் வைஃபை வழங்கும் பெட்டி ஒவ்வொன்றும் தனக்கே உரிய அடையாள எண்ணைச் சுற்றுவட்டாரத்தில் ஓயாது கூறிக்கொண்டிருக்கும். எவ்வெண் எத்தெருவில் கேட்கின்றது என்று கூகுள், ஆப்பிள் முதலிய கம்பெனிகள் உலகெங்கும் தொகுத்து வைத்துள்ளன. நம் கைப்பேசி தன் காதில் விழும் நான்கைந்து பெட்டிகளின் எண்களைக் கம்பெனிக்கு அனுப்பினால், ‘நீ இன்ன தெருவில் இருக்கின்றாய்’ என்று விடை வரும். செல்போன் கோபுரங்களைக் கொண்டும் இவ்வாறே, சற்றுத் துல்லியம் குறைவாக, அறிதல் கூடும். இத்தொகுப்பின் பொருட்டு உலகின் தெருக்களில் சென்ற கூகுள் கார்கள், பூட்டில்லாத வைஃபை இணைப்புகளில் ஓடிய செய்திகளின் துணுக்குகளையும் சேர்த்தெடுத்துவிட்டன என்பதை அக்கம்பெனியே 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. பின்னர், தம் பெட்டியைத் தொகுப்பில் சேர்க்க விரும்பாதார்க்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. வைஃபையின் பெயருக்கு இறுதியில் ஓர் அடிக்கோடிட்டு, ‘நோமேப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் சேர்த்தெழுதினால், அப்பெட்டி விலக்கப்படும்.

அனுமதி கேட்போர் எல்லாரும் தேவைபற்றியே கேட்பவரல்லர். வழிகாட்டும் வரைபடத்திற்கும் வாடகை வண்டி அழைப்பதற்கும் நம் இடம் வேண்டும். விளக்கெரிப்பதற்கு இடம் எதற்கு? அமெரிக்காவில் கைப்பேசியை ஒரு கைவிளக்காக மாற்றும் செயலியொன்றைப் பல கோடிப் பேர் இறக்கி வைத்திருந்தனர். அச்செயலி அவர்கள் இருக்கும் இடத்தை அவர் அறியாமல் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்து வந்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. இலவசமாய் வரும் பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை பலகால் இதுவே.

மூன்றாவது, நாமே சொல்லிவிடுதல். இதுவே மிகப் பெரிதும், மிக எளிதில் மறக்கப்படுவதுமாம். கைப்பேசியில் எடுக்கும் புகைப்படத்தினுள், கண்ணுக்குத் தோன்றாவண்ணம், எடுத்த நாளும் நேரமும் இடமும் பதிவாதல் உண்டு. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில், கணினிப் பாதுகாப்புத் தொழிலில் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி என்பவர் பெலீஸ் நாட்டுப் போலீசார்க்கு அகப்படாது மறைந்து திரிந்தார். உடன்சென்ற பத்திரிகைக்காரர் அவர் படத்தை வெளியிட்டனர். படத்தினுள் இருந்த இடக்குறிப்பைப் பிறர் எடுத்து நோக்க, அவர் குவாதமாலா நாட்டில் இருப்பது வெளியாயிற்று. சில நாட்களுள் அவர் அங்குச் சிறைப்பட்டார். கணினிகளைக் காக்கும் தொழிலால் பொருளீட்டினவர்க்கே இது நேர்ந்ததெனில் மற்றையோரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

மற்றொன்று கேளுங்கள். ஓட்டமும் நடையும் பழகுவோர் தாம் சென்ற வழியைப் பதிவதற்கு ஸ்ட்ராவா என்னும் செயலியைக் கையாளுகின்றனர். அக்கம்பெனியார் 2017-ஆம் ஆண்டு நவம்பரில், உலகெங்கும் மக்கள் ஓடிய வழிகளையெல்லாம் ஒளிக்கோடுகளாகக் காட்டும் படமொன்றை, ஆட்களின் பெயர் இன்றி, வெளியிட்டனர். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை உற்றுநோக்கியோர், ஆப்கானிஸ்தானம் சிரியா முதலிய இடங்களில் இருண்ட பாலைநிலத்தின் நடுவே சில கோடுகள் ஒளிர்வதைக் கண்டனர். அவை இராணுவ முகாம்களைச் சுற்றிப் போர்வீரர் நாள்தோறும் ஓடிய தடங்கள். ஒருவரும் இரகசியம் சொல்லவில்லை. ஒருவர் பெயரும் இல்லை. ஆயினும் முகாம் இருக்குமிடம் வெளிப்பட்டது. ஒருநாள் நடை ஒன்றும் காட்டாது; பலநாள் நடை எல்லாவற்றையும் காட்டிவிடும். இரவில் தங்குமிடம் வீடு, பகலில் தங்குமிடம் பணிமனை, வெள்ளிதோறும் செல்லுமிடம் கோயில், மாதந்தோறும் செல்லுமிடம் வைத்தியசாலை என்று பெயர் கேளாமலே ஒருவரை அறிந்துவிடலாம்.

இவ்விடத்தில் அவையோரில் சிலர், ‘மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? நாம் ஒரு குற்றமும் செய்யாதவர். நம் இடம் தெரிந்தால் தெரியட்டுமே’ என்று கூறக்கூடும். அப்பழமொழியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போமாக. மடியில் கனமுடையார் யார்? திருடனுக்கு மட்டுமா மடியில் கனம்? சந்தையில் மாடு விற்றுப் பணத்தை முடிந்துகொண்டு வரும் குடியானவனுக்கும் உண்டு. மகள் திருமணத்திற்கு நகை வாங்கிவரும் தாய்க்கும் உண்டு. வழியில் அஞ்சுவோர் பெரும்பாலும் குற்றமற்றவரே. வெளியூரில் விடுதியில் தங்கிப் பணிசெய்யும் பெண்மகளும், தனித்து வாழும் முதியோரும், பள்ளிக்குச் சென்று மீளும் சிறுவரும், பூட்டிக்கிடக்கும் வீடும் நம் மடியிலுள்ள கனம். ஆதலின் அப்பழமொழி எம் பக்கத்ததே ஆகும்.

சட்டமும் இவ்வெண்ணத்திற்கு மாறாக இல்லை. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, அந்தரங்கம் காத்தல் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஜாமீனில் விடப்பட்டவர் தாம் இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தின் வழியே விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனை செல்லாது என்றது. தனிப்பட்ட தகவல்களைக் காத்தற்கெனவே நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியுள்ளது. கட்டாயமின்றி, பொருள் அறிந்து தரப்படும் சம்மதமே சம்மதம் என்பது அதன் கொள்கை. குற்றஞ்சாட்டப்பட்டவரையும் நாள்முழுதும் இடங்காட்டச் சொல்லலாகாது என்று நீதிமன்றம் கூறியிருக்க, கைவிளக்கிற்கும் விளையாட்டிற்கும் அதனை நாம் வாரிக் கொடுத்தல் முறையாகுமா?

நிற்க. இனிச் செய்யத்தக்கனவற்றை எளிதில் தொடங்கி முறையே கூறுவாம்.

முதற்கண், இன்றிரவே ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் ‘அமைப்புகள்’ என்னும் பகுதியைத் திறந்து, ‘இருப்பிடம்’ என்பதன்கீழ் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்துள்ளோம் என்று பார்க்க வேண்டுகின்றோம். ‘எப்போதும்’ என்றிருப்பதை, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுக. இடம் வேண்டாத செயலிக்கு அனுமதியை அறவே நீக்குக. 2020-ஆம் ஆண்டு முதல் ஐபோனிலும், 2021-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டிலும், துல்லியமான இடத்தைக் கொடாது ஏறத்தாழ உள்ள வட்டாரத்தை மட்டும் கொடுக்கும் வசதி உண்டு. மழைச் செய்தி அறிய வட்டாரம் போதும், வாசல் எதற்கு? இவ்வாறே உலாவியின் அமைப்பிலும், முன்பு அனுமதி பெற்ற இணையதளங்களின் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றை நீக்கலாம்.

இரண்டாவது, ஒரு கதவைச் சாத்தினால் எல்லாக் கதவும் சாத்தப்பட்டன என்று எண்ணலாகாது. கூகுள் கணக்கில் ‘இருப்பிட வரலாறு’ என்பதை நிறுத்திய பின்னும், வேறோர் அமைப்பின் வழியே இடம் பதிவாகி வந்தது என்பதை 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதன்மேல் அமெரிக்காவின் 40 மாகாணங்கள் தொடர்ந்த விசாரணையை முடித்துக்கொள்ள, 2022-ஆம் ஆண்டு நவம்பரில் கூகுள் 39 கோடியே 15 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. ஆகவே கூகுள் கணக்கு உடையார், ‘டைம்லைன்’ என இப்பொழுது வழங்கும் இருப்பிட வரலாற்றையும், ‘இணையம் மற்றும் செயலிச் செயல்பாடு’ என்பதையும் இரண்டையுமே பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, படங்களைப் பற்றியது. கேமராவின் அமைப்பில் இடக்குறிப்புச் சேர்ப்பதை நிறுத்திவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். அதே படத்தை ‘ஆவணம்’ என்று அனுப்பினால் நீங்காது செல்லும். குறிப்பு நீங்கினாலும், படத்தில் தெரியும் தெருப்பலகையும் பள்ளிச் சீருடையும் வண்டியின் எண்ணும் நீங்கா. குடும்பத்தோடு திருச்செந்தூர் சென்றால், சென்ற செய்தியையும் படத்தையும் வீடு திரும்பிய பின்னர் வெளியிடுங்கள். தரிசனத்தின் பயன் இரண்டு நாள் கழித்துச் சொல்வதால் குறையாது.

நான்காவது, ஊரளவும் தெரியலாகாது என்று விரும்புவார்க்கு உரியது. வி.பி.என். என்னும் ஏற்பாட்டில், நம் கேள்வி நேரே இணையதளத்திற்குச் செல்லாது, நடுவே ஒரு கம்பெனியின் கணினிக்குப் பூட்டிய உறையில் சென்று, அங்கிருந்து அக்கம்பெனியின் எண்ணோடு வெளிச்செல்லும். அக்கணினி சிங்கப்பூரில் இருப்பின், நாமும் சிங்கப்பூரில் இருப்பதாக இணையதளம் கருதும். ஆயினும் இதில் அறியவேண்டியன சில. இணையதளத்திற்கு மறைந்த நம் எண், நடுவிலுள்ள கம்பெனிக்கு மறையாது. ஆகவே பெயர்தெரியாத இலவசக் கம்பெனிகளை நம்புதல், பூட்டுக்குப் பயந்து சாவியை அந்நியனிடம் கொடுத்தது போலாம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு, இத்தகைய கம்பெனிகள் தம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு பாதுகாத்து வைக்க வேண்டுமென்று கட்டளையிட, வெளிநாட்டுக் கம்பெனிகள் சில இந்தியாவிலிருந்த தம் கணினிகளை எடுத்துவிட்டன. அன்றியும், வி.பி.என். எண்ணை மட்டுமே மாற்றும். இருப்பிட அனுமதியை நாம் கொடுத்திருப்பின், எண் சிங்கப்பூரையும் கைப்பேசி நம் தெருவையும் காட்டும்.

டோர் என்னும் உலாவியும் ஒன்று உண்டு. அதன் அடிப்படை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையில் தோன்றியது. நம் கேள்வியை உறைக்குள் உறையாக மூன்று கணினிகளின் வழியே அது செலுத்தும். முதலதற்கு நம்மைத் தெரியும், செல்லுமிடம் தெரியாது. இறுதியதற்குச் செல்லுமிடம் தெரியும், நம்மைத் தெரியாது. மறைவு மிகுதி, வேகம் குறைவு. உயிர்க்கு அஞ்சும் செய்தியாளர் முதலியோர்க்கு அது பெருந்துணை. நாள்தோறும் காய்கறி விலை பார்ப்பார்க்கு வேண்டுவதன்று. இனி, உலாவிகளில் ‘மறைநிலை’ என்றொரு சாளரம் உண்டு. அது நம் கருவியில் நாம் பார்த்தவற்றின் சுவடு தங்காதபடி செய்யும். நம் எண்ணையோ இடத்தையோ இணையதளத்திற்கு மறைக்காது. பெயரைக் கண்டு மயங்கற்க.

எல்லாவற்றையும் மறைத்தே வாழவேண்டும் என்பது எம் கருத்தன்று. ஆபத்துக் காலத்தில் 112 என்னும் எண்ணை அழைக்குங்கால் நம் இடம் தெரிதல் உயிர்காக்கும். இரவில் தனித்து வரும் மகள், வாட்ஸ்அப்பில் தன் நடமாட்டத்தைப் பெற்றோர்க்குக் காட்டலாம். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று காலவரை வைத்துக் கொடுக்கும் வசதி அதில் உள்ளது. காலம் முடிந்ததும் தானே நின்றுவிடும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் என்னும் மூன்று வினாவிற்கும் விடை தெரிந்து கொடுப்பதே கொடுத்தல். விடை தெரியாது கொடுப்பது இழத்தல்.

இதனோடு, இல்லறத்தார்க்கு ஒரு சொல். வெளியாரிடமிருந்து காக்க வேண்டிய இடத்தை, வீட்டாரே ஒருவர்க்கொருவர் வேவுபார்க்கும் கருவியாக்குதல் தகாது. மனைவியின் கைப்பேசியில் அவள் அறியாது செயலி வைப்பதும், வளர்ந்த மகனையும் மகளையும் நாழிகைதோறும் தொடர்ந்து நோக்குவதும் காவல் ஆகா. சிறு பிள்ளைகளைக் கவனித்தல் பெற்றோர் கடமை. அதனையும் பிள்ளைக்குச் சொல்லியே செய்க. சொல்லிச் செய்வதில் அன்பு வளரும். ஒளித்துச் செய்வது வெளிப்படும் நாளில் நம்பிக்கை போம். போன நம்பிக்கையை எந்த வரைபடமும் காட்டித்தராது.

இறுதியாக நம் சங்கத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. அங்கத்தினர் விலாசப் புத்தகத்தை இனி இணையத்தில் ஏற்றலாம், செயலியும் ஒன்று செய்யலாம் என்று இளைஞர் சிலர் விரும்புகின்றனர். அவர் ஊக்கம் பாராட்டத்தக்கதே. அச்சிட்ட புத்தகம் நம் வீடுகளின் அலமாரியில் இருக்கும். இணையத்தில் ஏறியதோ உலகத்தின் கையில் இருக்கும். திரும்ப அழைத்தாலும் வாராது. ஆதலின் நிர்வாக சபையார்க்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். பெயரும் ஊரும் போதும். கதவு எண்ணும் தெருவும், எழுதிக்கொடுத்த சம்மதமின்றி ஏற்றல் வேண்டா. திருமணப் பகுதியில் மணமகளின் பணியிடமும் தங்கும் விடுதியும் ஒருகாலும் வெளியிடல் வேண்டா. விசாரிப்போர்க்குச் சங்கக் காரியதரிசி வாயிலாகப் பெற்றோரே தெரிவிக்கட்டும். செயலி செய்வதாயின், அஃது எவரிடத்தும் இருப்பிட அனுமதி கேளாததாக இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளின் இடத்தை நாமே காவாதுவிட்டு, தூரதேசத்துக் கம்பெனிகளைக் குறைகூறுதல் அழகன்று.

ஊரைக் கேளாமலே அறிவார் அறிக. வாசலைக் கேட்பார்க்கு, ‘எதற்கு?’ என்று ஒருமுறை வினவிப் பின் விடை தருவோம். அவ்வொரு வினாவை நம் இல்லத்தார் அனைவரும் பழகிக்கொள்வாராயின், இன்று யாம் பேசியது பயனுடையதாம்.